வெளிமாநிலத் தமிழர் தந்த வாழ்த்துப் பாட்டு

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பொங்கல் விழா. பந்தல் நிறையக் கூட்டம். கைபேசியை ஒலிபெருக்கியோடு இணைத்து, "நீராருங் கடலுடுத்த" பாட்டைப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். பாட்டு தொடங்கிச் சிறிது நேரம்கூட ஆகவில்லை, மின்சாரம் நின்றுவிட்டது.

கூட்டம் ஒரு கணம் விழித்தது. முன் வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் விட்ட இடத்திலிருந்து குரலெடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் பாதிப் பாட்டுக்கு மேல் குரல்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. மெட்டு எல்லோருக்கும் தெரிகிறது, சொல்தான் தெரியவில்லை. தாத்தாவின் குரலோடு கடைசிவரை ஒலித்தது ஒரு சிறுமியின் குரல் மட்டுமே. அவள் கையில் ஒரு தாள் இருந்தது. எட்டிப் பார்த்தேன். பாட்டு முழுவதும் கன்னட எழுத்தில் எழுதியிருந்தது!

"ஸ்கூல்ல தமிழ் கெடையாது தாத்தா. எங்க ஆயா சொல்லச் சொல்ல எழுதிக்கினேன்" என்றாள்.

பிறகு அவளே கேட்டாள்: "இத எழுதனவரு எந்த ஊரு தாத்தா? மெட்ராஸா?"

"இல்லம்மா. அவரும் நம்மள மாதிரி வெளிமாநிலத்துக்காரருதான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. அவள் மட்டுமல்ல, நம்மவர்களில் பலர் நம்பமாட்டார்கள். தமிழ்நாட்டு அரசின் மாநிலப் பாடலாக இருக்கும் ஒரு பாட்டை, தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து, வெளியே வேலை பார்த்து, வெளியே மறைந்த ஒருவரா எழுதினார்? ஆம், அதுதான் உண்மை. அந்தக் கதையைத் தங்கவயல் தமிழர் தெரிந்துகொள்வது மிகவும் பொருத்தம்.

ஆலப்புழையிலிருந்து திருவனந்தபுரம்

பாட்டை எழுதியவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. பிறந்தது 1855ஆம் ஆண்டு, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஆலப்புழையில். இன்று அது கேரளம். திருவனந்தபுரத்தில் படித்தார். தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். சில காலம் திருநெல்வேலியில் ஒரு கல்விச்சாலைக்குத் தலைமை வகித்தார். பின்னர் திருவனந்தபுரத்துக்கே திரும்பினார்.

குமாஸ்தா வேலை பார்க்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. இவர் ஏட்டையும் எழுத்தாணியையும் மட்டுமே கட்டிக்கொண்டு இருந்தவர் அல்ல. 1882 முதல் 1885 வரை சமஸ்தானத்தின் வருவாய்த் துறையில் பிறவகை சிரஸ்தார் என்ற உத்தியோகம் பார்த்தவர். கணக்கும் கோப்பும் அறிந்த கை அது. அதன் பிறகுதான் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் பதவி வந்தது. அந்தப் பதவியில் இவருக்கு முன் இருந்தவர் இவருடைய ஆசிரியரான ஹார்வி துரை. குருவிடம் வைத்திருந்த மதிப்பினால், தாம் கட்டிய வீட்டுக்கு ஹார்விபுரம் என்றே பெயர் வைத்தார்.

திருவிதாங்கூர் அரசர்களின் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்து ஆராய்ச்சி செய்தார். திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்து எழுதினார். ஆயுள் மட்டும் போதவில்லை. 1897ஆம் ஆண்டு, நாற்பத்திரண்டே வயதில் மறைந்தார்.

அவருடைய மகன் பி.எஸ். நடராஜ பிள்ளை 1891இல் பிறந்தவர். பிற்காலத்தில் திருவாங்கூர் கொச்சி மாநிலத்தின் நிதி அமைச்சராகவும், 1962இல் திருவனந்தபுரத்தின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். தந்தை தமிழுக்கு வாழ்த்துப் பாடினார். மகன் மலையாளிகளின் வாக்கைப் பெற்று அவர்களுக்கும் உழைத்தார். ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சலாக இருக்கவில்லை.

சுரங்கத்தில் திரும்பும் கதை

மகன் பிறந்த அதே 1891இல்தான் சுந்தரம் பிள்ளையின் "மனோன்மணீயம்" வெளிவந்தது. கவிதையிலேயே அமைந்த நாடக நூல் அது. ஆங்கிலேயரான லிட்டன் பிரபு எழுதிய "இரகசிய வழி" என்ற கதையைத் தழுவி, பாண்டிய நாட்டுக் கதையாக மாற்றிப் படைத்தார்.

தங்கவயல் வாசகர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். காரணம், கதையின் திருப்பம் முழுவதும் ஒரு சுரங்கத்தில் இருக்கிறது!

பாண்டியன் சீவகன் வெள்ளை மனத்தவன். அமைச்சன் குடிலன் சூதுக்காரன். அவன் பேச்சைக் கேட்டு மன்னன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டுகிறான். இது எங்கே போய் முடியும் என்று குருவாகிய சுந்தர முனிவருக்குத் தெரிந்துவிடுகிறது. கோட்டைக்குள் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, யாரும் அறியாமல் அங்கிருந்து வெளியே ஒரு சுரங்க வழி அமைக்கிறார். சேர மன்னன் புருடோத்தமனோடு திருமணப் பேச்சு நடக்க வேண்டிய இடத்தில், குடிலனின் சதியால் போர் மூள்கிறது. பாண்டியன் தோற்கிறான். குடிலன் அந்தச் சுரங்கத்தைக் கண்டுபிடித்து, எதிரியிடம் காட்டிக்கொடுக்கப் போகிறான். சேரனோ நேர்மையானவன். துரோகியையே கட்டி இழுத்துக்கொண்டு சுரங்கம் வழியாக வருகிறான். இளவரசி மனோன்மணிக்கு அவசரமாக வேறு மணம் நடக்க இருந்த அதே வேளையில் அவன் வெளிப்பட, கனவில் கண்டவன் இவனே என்று அறிந்து அவள் மாலையிடுகிறாள்.

இந்த நூலின் பாயிரத்தில், கடவுள் வாழ்த்தை அடுத்து, "தமிழ்த் தெய்வ வணக்கம்" என்று ஒரு பகுதி வருகிறது. அதன் தொடக்கம்தான் நாம் பாடும் பாட்டு.

நெற்றியில் இருக்கிறது நம்ம ஊர்

பாட்டின் கருத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பூமியை ஒரு பெண்ணாகக் காண்கிறார் கவிஞர். கடல் அவள் ஆடை. பாரதம் அவள் முகம். தெக்கணம் அவள் நெற்றி. திராவிட நாடு அந்த நெற்றியில் இட்ட திலகம். திலகத்தின் வாசனை எங்கும் பரவுவது போலத் தமிழ் எங்கும் புகழ் மணக்க இருக்கிறது என்கிறார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பாரதத்தை விட்டுப் பிரிந்து நின்று பாடிய பாட்டு அல்ல இது. முகம் இல்லாமல் நெற்றி ஏது? நெற்றி இல்லாமல் திலகம் ஏது? நாட்டுப் பற்றையும் மொழிப் பற்றையும் ஒரே முகத்தில் வைத்துப் பாடிவிட்டார். இரண்டாவது, தெக்கணம் என்பது தக்காணப் பீடபூமி. நம்முடைய மாரிக்குப்பமும் உரிகமும் சாம்பியன் ரீஃபும் அந்தப் பீடபூமியின் மேல்தான் இருக்கின்றன. அந்த நெற்றியில் நமக்கும் இடம் உண்டு.

அரசு வருவதற்கு முன்பே

ஒரு பாட்டை அரசாங்கம் உத்தரவு போட்டுப் பிரபலப்படுத்திவிட முடியாது. முதலில் மக்கள் பாட வேண்டும். தஞ்சாவூரில் 1911இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார், அந்தப் பத்தாண்டிலேயே இதைத் தங்கள் கூட்டங்களில் வாழ்த்தாகப் பாடத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்ச் சங்க மேடைகளில் இருந்த பிறகே, 1970இல் முதலமைச்சர் மு. கருணாநிதியின் காலத்தில் இது தமிழ்நாடு அரசு விழாக்களின் வாழ்த்துப் பாடலாயிற்று. 2021 டிசம்பர் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதை மாநிலப் பாடலாக அறிவித்தார். பாட வேண்டிய நேரம் 55 விநாடி. பாடும்போது மாற்றுத் திறனாளிகள் தவிர மற்ற அனைவரும் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்கும்படி எந்த ஆணையும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே மாதத்தில்தான் சொல்லியிருந்தது. அதன் பிறகே இந்த ஆணை வந்தது.

அந்த ஆணையில் இன்னொரு நல்ல வார்த்தையும் இருக்கிறது. இசைத்தட்டைப் போடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்பதே அது. ராபர்ட்சன்பேட்டைப் பந்தலில் மின்சாரம் நின்றபோது அந்த வார்த்தையின் அருமை எனக்குப் புரிந்தது!

பாட்டைச் சுமந்த குரல்கள்

1970இல் இந்தப் பாட்டுக்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் எம்.எஸ். விசுவநாதன். பாடியவர்கள் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். இந்த மூவரும் எங்கே பிறந்தவர்கள் என்று பாருங்கள்.

விசுவநாதன் 1928இல் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளியில் பிறந்த மலையாளி. சௌந்தரராஜன் 1922இல் மதுரையில் பிறந்தவர். வீட்டில் பேசும் மொழி சௌராஷ்டிரம். சுசீலா 1935இல் ஆந்திரத்தின் விஜயநகரத்தில் பிறந்தவர், தாய்மொழி தெலுங்கு.

ஆக, தமிழ்த்தாயை வாழ்த்திய பாட்டை எழுதியவர் திருவிதாங்கூர்த் தமிழர். மெட்டுப் போட்டவர் மலையாளி. பாடியவர்கள் சௌராஷ்டிரரும் தெலுங்கரும். தமிழ்த்தாய் யாரையும் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கவில்லை.

விட்டுவிட்ட அடிகள்

இந்த இடத்தில் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல வேண்டும். நாம் இன்று பாடுவது மூலப் பாட்டின் முழு வடிவம் அல்ல. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழின் வயிற்றில் பிறந்தவை என்ற கருத்துள்ள அடிகள் மூலத்தில் உண்டு. ஆரிய மொழியைப் போல வழக்கொழியாத இளமை தமிழுக்கு உண்டு என்ற அடியும் உண்டு. 1970இல் அரசு பாட்டை எடுத்துக்கொண்டபோது இவற்றை விட்டுவிட்டது.

"கவிஞர் எழுதியதை எப்படி வெட்டலாம்?" என்று கோபப்படுவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நூலைப் படிக்கும்போது முழுமையாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் பல மொழிக்காரர்கள் கூடியிருக்கும் சபையில் எதைப் பாடுவது என்பது வேறு கேள்வி.

மொழி நூலார் சொல்வதையும் பார்க்கலாம். ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்த கால்டுவெல் பாதிரியார், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். மனோன்மணீயத்துக்கு 35 ஆண்டுகள் முந்திய நூல் அது. இந்த மொழிகள் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று நிறுவினார். அதற்குப் பின் வந்த ஆராய்ச்சியாளர்கள், பழைய மூலத் திராவிட மொழி ஒன்றிலிருந்து தமிழும் கன்னடமும் தெலுங்கும் கிளைத்தன என்கிறார்கள். அதாவது தாயும் மகளும் அல்ல, அக்காள் தங்கை. தமிழில் இலக்கியம் முந்தியது என்பதில் ஐயமில்லை. அதற்காகத் தங்கையைப் பார்த்து "உன்னைப் பெற்றவள் நான்" என்றால் அவளுக்கு வருத்தம் வராதா?

இது ஏட்டுச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். 2025 மே மாதம் சென்னையில் ஒரு பட விழாவில், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று நடிகர் கமல்ஹாசன் சொன்னார். அன்பாகச் சொன்னதாக அவர் விளக்கம் தந்தார். ஆனாலும் ஜூன் 5 அன்று ஊரெல்லாம் வெளியான அவர் படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சென்னையில் பேசுகிறவருக்கு அது ஒரு வாக்கியம். காலையில் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், கன்னடக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறவருக்கு அது அன்றைய நாளின் பிரச்சினை. அந்த அடிகளை 1970இல் விட்டுவிட்டவர்கள் நம்மை நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, நமக்கு நன்மை செய்தார்கள். எந்த நகரத்துக் கூட்டத்திலும் தலை நிமிர்ந்து இந்தப் பாட்டைப் பாடலாம். கேட்கிறவர் யாரும் தலை குனிய வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்துக்காரர் பாட்டு

பெரிய நாட்டுக்குள் வாழும் ஓர் இனத்தார் தமக்கென்று ஒரு பாட்டு வைத்துக்கொள்வது தமிழர் மட்டும் செய்யும் காரியம் அல்ல. ஸ்காட்லாந்து 1707 முதல் இங்கிலாந்தோடு சேர்ந்த நாடு. சட்டப்படி அதற்குத் தனித் தேசிய கீதம் இன்றுவரை இல்லை. ஆனால் 1960களில் ராய் வில்லியம்சன் என்ற நாட்டுப்புறப் பாடகர் "ஸ்காட்லாந்தின் மலர்" என்ற பாட்டைக் கட்டினார். அவரும் ஒரு நண்பருமாக "காரீஸ்" என்ற பெயரில் ஊர் ஊராகப் பாடி வந்தவர்கள். 1314இல் பானக்பர்ன் போர்க்களத்தில் ராபர்ட் புரூஸ் இங்கிலாந்து மன்னரைத் தோற்கடித்த பழைய வெற்றியைப் பற்றிய பாட்டு அது.

எந்த அரசும் அதற்கு உத்தரவு போடவில்லை. ரக்பி ஆட்ட ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1990இல் எடின்பரோ நகரத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அது ஒலித்தது. அன்று ஸ்காட்லாந்து வென்றது. வில்லியம்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார். 2010 முதல் காமன்வெல்த் விளையாட்டுகளிலும் ஸ்காட்லாந்து அணிக்கு அதையே இசைக்கிறார்கள். ஆயினும், அண்டை நாட்டானைத் தோற்கடித்ததைச் சொல்லும் பாட்டு நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் ஸ்காட்லாந்திலேயே உண்டு. இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் எழுகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நம்ம ஊரில் கேட்ட பாட்டுகள்

தங்கவயலில் பல பாட்டுகள் வந்து போயிருக்கின்றன. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இங்கே கால் வைத்தது முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மண் மைசூர் மகாராஜாவுடையது. ஆகவே மகாராஜா காலத்தில் சமஸ்தான கீதம், பசவப்ப சாஸ்திரி இயற்றிய "காயௌ ஸ்ரீ கௌரி". இன்றைய கர்நாடகத்தின் நாட கீதம், குவெம்பு எழுதிய "ஜய பாரத ஜனனிய தனுஜாதே". 2004இல் அது மாநில கீதமாயிற்று. கர்நாடகத்தைப் பாரதத்தாயின் மகள் என்று அழைக்கிறார் குவெம்பு. சுந்தரம் பிள்ளை பாரதத்தின் நெற்றித் திலகம் என்றார். குவெம்பு பாரதத்தாயின் மகள் என்றார். உவமைகள் இரண்டு, உள்ளம் ஒன்று.

எல்லை தாண்டினால் ஆந்திரம். அங்கே சங்கரம்பாடி சுந்தராசாரி எழுதிய "மா தெலுகு தல்லிகி" பாடுகிறார்கள். புதுச்சேரியில் தமிழ்த்தாய்க்குப் பாரதிதாசன் எழுதிய வேறொரு வாழ்த்தைப் பாடுகிறார்கள். யார் பாட்டும் யார் பாட்டையும் குறைக்கவில்லை.

பெங்களூர் அல்சூரில் 1991இல் அமைத்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது நமக்கெல்லாம் மறக்காது. 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஒருவர் வீட்டுப் பெரியவருக்கு மற்றவர் வீட்டில் இடம் கொடுத்தபோதுதான் திரை விலகிற்று.

கன்னட எழுத்தில் தமிழ்ப் பாட்டு

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டு வேலை ஒரே நாளில் நின்றது. தொழில் போயிற்று, ஊர் மட்டும் இருக்கிறது. ஒரு காலத்தில் சாம்பியன் ரீஃபில் சித்தார்த்த புத்தகசாலை தமிழ் நூல்களை அச்சிட்டது. அயோத்திதாசர் தொடங்கிய "தமிழன்" பத்திரிகையை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே நடத்தினார். அப்படிப்பட்ட ஊரில் இன்று ஒரு சிறுமி தமிழ்த்தாய் வாழ்த்தைக் கன்னட எழுத்தில் எழுதிப் படிக்கிறாள்.

இதைக் கண்டு முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது வேறு விதமாகத் தோன்றியது. அவளுடைய ஆயா பாட்டைக் கொடுத்தார். அவளுடைய பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்துதான் அன்று பந்தலில் பாட்டை முடித்து வைத்தன. தமிழ் எழுத்துத் தெரிந்த நம்மில் பலர் பாதியில் நின்றோமே! வெட்கப்பட வேண்டியது யார்?

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டைக் கைபேசியிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். அடுத்த பொங்கலுக்குள் வீட்டில் உள்ளவர்கள் அனைவரும் அதை மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளைகள் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டாலும் சரி, ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாலும் சரி; அர்த்தத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து என்று தமிழும் கற்றுக் கொடுங்கள். கூடவே நாட கீதத்தையும் பிழையில்லாமல் பாடச் சொல்லுங்கள். சோறு போடும் மண்ணுக்கு அது நாம் செய்ய வேண்டிய மரியாதை.

அந்தச் சிறுமி கேட்டதற்கு என் முழுப் பதில் இதுதான். இந்தப் பாட்டை எழுதியவர் மெட்ராஸ்காரர் அல்ல அம்மா. பக்கத்து வீட்டில் வேறு மொழி ஒலிக்க, தன் வீட்டில் தமிழ் பேசி வாழ்ந்தவர். உன் தெருவில் நீ வாழ்வது போலவே.